தோற்போம் என்று தெரிந்தும் ஏன் அந்தச் சட்டத்தைக் கொண்டுவருகிறார்கள்?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல் வரப்போகிறது என்று தெரிந்தும், கருத்துக்கணிப்புகளில் மக்கள் வேண்டாம் என்று சொல்லும் சட்டங்களையே ஆளும் கட்சி பிடிவாதமாக நிறைவேற்றுகிறது. தோற்றுப்போவோம் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் செய்கிறார்கள் என்றால் ஏன்?

நன்றாகவே தெரியும். ஒவ்வொரு உறுப்பினரும் தன் தொகுதியின் நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டேதான் வாக்களிக்கிறார். ஆனால் கட்சித் தலைமை போடும் கணக்கு வேறு. இடங்கள் எப்படியும் கொஞ்சம் போகத்தான் போகின்றன, சட்டமோ நின்றுவிடும் என்பது அந்தக் கணக்கு. கடந்த முப்பது ஆண்டுகளைப் பார்த்தால் அது பெரும்பாலும் பலித்திருக்கிறது. ஒரே ஒரு வகைச் சட்டத்தில் மட்டும் பலிக்கவில்லை: மக்கள் கையில் ஏற்கெனவே இருப்பதைப் பறிக்கும் சட்டம். 2010, 2018 ஆகிய இரண்டு தேர்தல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பிரதிநிதிகள் சபையில் 435 பேர். அவர்கள் பதவிக்காலம் இரண்டே ஆண்டு. செனட்டில் 100 பேர், ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை செனட்டில் மூன்றில் ஒரு பங்கு தேர்தலுக்கு வரும். அதிபருக்கு நான்கு ஆண்டு. ஆக, அதிபர் பதவியேற்று இரண்டு ஆண்டு முடிவதற்குள் பிரதிநிதிகள் சபை மொத்தமும் மக்களிடம் திரும்பப் போயாக வேண்டும். இதுதான் இடைக்காலத் தேர்தல். அப்படிப் போகும்போது அதிபரின் கட்சி அந்தச் சபையில் இடங்களை இழப்பது கிட்டத்தட்ட விதி. கடந்த நூறு ஆண்டுகளில் விலக்கு என்று சொல்லக்கூடியவை 1934, 1998, 2002 மட்டும்தான். 1934 ரூஸ்வெல்ட் காலம், நாடு பெருமந்தத்தில் கிடந்தது. 1998-இல் கிளின்டனைப் பதவிநீக்கம் செய்யக் குடியரசுக் கட்சி கிளம்பியது மக்களுக்குப் பிடிக்கவில்லை. 2002 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகான தேர்தல்.

எனவே அதிபர் மாளிகை, பிரதிநிதிகள் சபை, செனட் மூன்றும் ஒரே கட்சியின் கையில் இருப்பது அபூர்வமான காலம், அது நீடிக்காது என்று முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். பிரதிநிதிகள் சபை போய்விட்டால் அடுத்த இரண்டு ஆண்டுக்கு எந்தப் பெரிய சட்டமும் வராது. செய்ய வேண்டியதை முதல் இரண்டு ஆண்டுக்குள் செய்தால்தான் உண்டு. இதனால்தான் எல்லாமே அவசர அவசரமாக நடக்கிறது. இன்னொன்றும் உண்டு. செனட்டில் சாதாரண மசோதாவுக்கு விவாதத்தை முடித்துவைக்கவே 60 வாக்கு வேண்டும். வரவுசெலவு சார்ந்த மசோதாக்களுக்கு மட்டும் ஒரு தனி நடைமுறை இருக்கிறது. அதில் 51 போதும், 50-50 என்று வந்தால் துணை அதிபர் வாக்களிக்கலாம். எதிர்க்கட்சியின் ஒரு வாக்குகூட இல்லாமல் வரியையும் மருத்துவக் காப்பீட்டையும் தலைகீழாக மாற்ற முடிவது இந்த வழியால்தான். எதிர்க்கட்சியோடு பேரம் பேச வேண்டிய கட்டாயம் இல்லாதபோது, மசோதாவின் கூர்முனையை மழுக்கவும் யாரும் இருக்க மாட்டார்கள்.

நம் நாட்டில் கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும். அங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியாக வாக்களிக்கிறார், அந்த வாக்கு அவர் பெயரிலேயே நிற்கிறது, அடுத்த தேர்தலில் எதிராளியின் விளம்பரத்தில் அதுவே ஓடுகிறது. எனவே "கட்சி தோற்றது" என்று சொல்வதைவிட, குறிப்பிட்ட சில ஆட்கள் தங்கள் பதவியைக் கொடுத்தார்கள் என்று சொல்வதே பொருத்தம்.

அப்படிக் கொடுத்தவர்களில் மிகத் தெளிவான உதாரணம் ஜனநாயகக் கட்சியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் மார்ஜரி மார்கோலிஸ்-மெஸ்வின்ஸ்கி. பிலடெல்பியாவை ஒட்டிய வசதியானவர்கள் வாழும் புறநகர்த் தொகுதி, வழக்கமாகக் குடியரசுக் கட்சிக்கே போகும் இடம். 1992-இல் மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்து வந்திருந்தார். 1993 ஆகஸ்டில் கிளின்டனின் வரவுசெலவு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. அதிக வருமானம் உள்ளவர்களுக்கு உச்ச வரி விகிதம் 39.6 சதவீதம், பெட்ரோலுக்குக் காலனுக்கு 4.3 சென்ட் கூடுதல் வரி. எதிர்த்து வாக்களிப்பேன் என்று தொகுதி மக்களிடம் சொல்லியிருந்தார். அவர் ஆதரிக்காவிட்டால் மசோதா விழும் என்ற நிலையில் கிளின்டன் தொலைபேசியில் பேசினார். ஆதரித்தார், 218-216 என்று நிறைவேறியது. அவர் வாக்களித்த அந்த நேரமே குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் சபையிலேயே "போய் வா மார்ஜரி" என்று கூவினார்கள். 1994-இல் அவர் தோற்றார். ஜனநாயகக் கட்சி 54 இடங்களை இழந்தது. நாற்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து கையில் இருந்த சபை போனது. அந்த வரிகள் போகவில்லை. 1998-இல் அமெரிக்க அரசின் வரவுசெலவில் 1969-க்குப் பிறகு முதல் முறையாக உபரி வந்தது. அதற்குப் பொருளாதார வளர்ச்சியும் வேறு காரணங்களும் சேர்ந்துதான் உதவின. ஆனாலும் அந்த ஒரு வாக்குக்கு அதில் பங்கு உண்டு.

இவரை இங்கே கொண்டுவருவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. 2010 மார்ச்சில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் கடைசிக் கட்டத்தில் தடுமாறிக்கொண்டிருந்தது. அப்போது அவர் வாஷிங்டன் போஸ்ட்டில் ஒரு கட்டுரை எழுதினார். உங்களுக்கு நேரக்கூடிய மிக மோசமான முடிவு என்னவோ அதுதான் நான், இருந்தாலும் மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று, தயங்கிக்கொண்டிருந்த தன் கட்சிக்காரர்களுக்குச் சொன்னார். அந்தக் கட்டுரையை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். பதவியை இழந்த ஒருவர், பதினாறு ஆண்டு கழித்து, இழக்கப்போகிறவர்களிடம் பேசுகிறார். அரசியலில் இப்படிப்பட்ட பேச்சு அடிக்கடி கிடைப்பதில்லை.

சரி, 2010-க்கு வருவோம். 2008 தேர்தலில் ஒபாமா ஜெயித்தபோது பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சிக்கு 257 இடம். செனட்டில் 2009 ஜூலைக்குள் 60 சேர்ந்துவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் உறுப்பினர்கள் தொகுதிக்குப் போய் நடத்திய டவுன் ஹால் கூட்டங்கள் கூச்சலும் மோதலுமாகப் போயின. ஆகஸ்ட் 25-இல் எட்வர்ட் கென்னடி இறந்தார். வாழ்நாள் முழுக்க மருத்துவக் காப்பீட்டுக்காகப் போராடியவர் அவர். அவருடைய மாசசூசெட்ஸ் செனட் இடத்துக்கு 2010 ஜனவரி 19-இல் நடந்த தேர்தலில், இந்தச் சட்டத்தைத் தடுப்பேன் என்று சொல்லியே ஸ்காட் பிரவுன் என்ற குடியரசுக் கட்சிக்காரர் ஜெயித்தார். ஜனநாயகக் கட்சியின் கோட்டையிலேயே அந்தத் தோல்வி என்றால், அதைவிடத் தெளிவான எச்சரிக்கை என்ன வேண்டும்? மசோதாவைச் சுருக்கிவிடலாம் என்று அதிபர் மாளிகைக்குள்ளேயே பேச்சு எழுந்தது. சபாநாயகர் நான்சி பெலோசி சம்மதிக்கவில்லை. மார்ச் 21-இல் 219-212 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியிலிருந்து ஒருவரும் ஆதரிக்கவில்லை, சொந்தக் கட்சியில் 34 பேர் எதிர்த்தார்கள்.

அந்தச் சட்டம் ஏன் அவ்வளவு வெறுக்கப்பட்டது என்பதற்கு உள்ளடக்கத்தைவிடத் தேதிகள் முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன். பத்தாண்டுச் செலவு சுமார் 90,000 கோடி டாலருக்குள் அடங்க வேண்டும் என்று ஒபாமாவே வரம்பு சொல்லியிருந்தார். அதற்குள் அடக்க வேண்டும் என்றால், காசு செலவாகும் பகுதிகளைத் தள்ளிப்போட வேண்டும். மானியத்தோடு காப்பீடு வாங்கும் சந்தை, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் விரிவாக்கம், நோய் இருப்பவர்களுக்கும் காப்பீடு மறுக்கக் கூடாது என்ற விதி எல்லாமே 2014-இல்தான் நடைமுறைக்கு வந்தன. 2010 செப்டம்பரில் கைக்குக் கிடைத்தது, 26 வயதுவரை பிள்ளைகள் பெற்றோரின் காப்பீட்டிலேயே இருக்கலாம் என்பதுபோலச் சில சலுகைகள் மட்டும். நவம்பர் 2-இல் வாக்களிக்கப் போனவருக்குச் சட்டத்தைப் பற்றிய பயம் மட்டும் இருந்தது, அதனால் கிடைத்த பலன் எதுவும் கையில் இல்லை. போதாததற்கு வேலையின்மை ஒன்பது சதவீதத்துக்கு மேல்.

63 இடங்கள் போயின. எதிர்த்து வாக்களித்தவர்களாவது தப்பினார்களா என்றால், அதுவும் முழுக்க இல்லை. மிசௌரியின் ஐக் ஸ்கெல்டன் 34 ஆண்டு உறுப்பினர், ராணுவக் குழுவின் தலைவர், சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர். அவரும் தோற்றார். சட்டத்தை ஆதரித்தவர்களுக்கு அடி இன்னும் பலமாக விழுந்தது என்பதும் உண்மைதான். வர்ஜீனியாவின் டாம் பெரியெல்லோ அதில் ஒருவர். ஆதரித்து வாக்களித்ததை அவர் மறைக்கவில்லை, பின்வாங்கவும் இல்லை. தேர்தலுக்குச் சில நாள் முன்பு ஒபாமாவே சார்லட்ஸ்வில்லுக்கு வந்து அவருக்காகப் பேசினார். சுமார் நான்கு சதவீத வித்தியாசத்தில் தோற்றார்.

விலை அதோடு நிற்கவில்லை. அதே தேர்தலில் மாநிலச் சட்டமன்றங்களிலும் நூற்றுக்கணக்கான இடங்கள் போயின. மறு ஆண்டு தொகுதி எல்லைகளை மாற்றி வரையும் அதிகாரம் பல மாநிலங்களில் குடியரசுக் கட்சிக்குப் போனது. பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சிக்குத் திரும்பக் கிடைக்க எட்டு ஆண்டு ஆனது. ஆனால் சட்டம்? 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வாக்கு வித்தியாசத்தில் பிழைத்தது. 2014-இல் நடைமுறைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய இரண்டு கோடிப் பேர் புதிதாகக் காப்பீடு பெற்றார்கள். கட்சி கொடுத்த விலை பெரிதுதான். ஆனாலும் என்னைக் கேட்டால் அது கொடுத்திருக்க வேண்டிய விலை.

இப்போது மறுபக்கம். ஒபாமாகேர் என்று பேர்பெற்ற இந்தச் சட்டத்தை ரத்து செய்வோம் என்று ஏழு ஆண்டு சொல்லிச் சொல்லியே குடியரசுக் கட்சி தேர்தல்களை ஜெயித்தது. சபையில் எத்தனையோ முறை ரத்துத் தீர்மானம் போட்டார்கள். ஒபாமா கையெழுத்திட மாட்டார் என்று தெரிந்ததால் அதற்கெல்லாம் செலவே இல்லை. 2017 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்றதும் அதிபர் மாளிகை, பிரதிநிதிகள் சபை, செனட் மூன்றும் கைக்கு வந்துவிட்டன. மாற்றாக என்ன கொண்டுவருவது என்பதில் மட்டும் கட்சிக்குள் உடன்பாடு இல்லை. மார்ச்சில் கொண்டுவந்த மசோதாவுக்கு ஒரு கருத்துக்கணிப்பில் 17 சதவீத ஆதரவுதான் கிடைத்தது. வாக்கெடுப்புக்கு முன்பே சபாநாயகர் பால் ரயன் அதைத் திரும்பப் பெற்றார்.

அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை. ஏன் என்பதற்கு ஒரே ஒரு தொகுதியைக் காட்டுகிறேன். வர்ஜீனியாவின் 7-ஆவது தொகுதி, ரிச்மண்ட் நகரைச் சுற்றிய பகுதி. 2014 ஜூனில், சபையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த எரிக் கேன்டர், கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில் டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியரிடம் தோற்றார். அடுத்த சபாநாயகர் ஆவார் என்று பேசப்பட்டவர் கேன்டர். பிராட்டிடம் பணமும் இல்லை, பெயரும் இல்லை. கேன்டர் குடியேற்ற விஷயத்திலும் மற்றவற்றிலும் போதிய உறுதியோடு இல்லை என்பதுதான் பிரச்சாரம். அந்த ஒரு முடிவு கட்சியின் ஒவ்வொரு உறுப்பினர் மனதிலும் பதிந்துபோனது. பிரைமரியில் வாக்களிப்பவர்கள் குறைவு. அந்தச் சிறு கூட்டத்துக்குத்தான் சொன்னதைச் செய்தாயா என்று கேட்கும் உறுதி அதிகம். நவம்பர் தேர்தலில் தோற்றால் கட்சியோடு சேர்ந்து தோற்கலாம். பிரைமரியில் தோற்பவர் தன் ஆட்களிடமே தோற்கிறார்.

அந்த பிராட்டுக்கு அதன்பின் என்ன ஆனது என்பதுதான் பாடத்தின் மறுபாதி. 2017 தொடக்கத்திலேயே, ஒபாமாகேர் பேச்சு எழுந்ததிலிருந்து எங்கே போனாலும் பெண்கள் வந்து மறித்துக் கேள்வி கேட்கிறார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டார். மே மாதம் ரத்து மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார். 2018 நவம்பரில், முன்னாள் சிஐஏ அதிகாரியான அபிகெய்ல் ஸ்பேன்பெர்கர் அவரைத் தோற்கடித்தார். பல பத்தாண்டுகளாகக் குடியரசுக் கட்சியின் கையில் இருந்த தொகுதி அது. ஸ்பேன்பெர்கர் 2025 நவம்பரில் அந்த மாநிலத்தின் ஆளுநராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதலில் சொந்தக் கட்சிக்காரர்கள் ஒருவரைத் தூக்கினார்கள், பிறகு மொத்த வாக்காளர்கள் இன்னொருவரைத் தூக்கினார்கள். ஆளும் கட்சியின் உறுப்பினர் இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் நிற்கிறார். முதல் பயம் நாள்காட்டியில் முன்னால் வருகிறது.

மே 4-இல் 217-213 என்று மசோதா நிறைவேறியது. திருத்தப்பட்ட மசோதாவால் எத்தனை பேர் காப்பீட்டை இழப்பார்கள் என்ற நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு வருவதற்கு முன்பே வாக்களித்துவிட்டார்கள். பிறகு வந்த மதிப்பீடு 2026-க்குள் 2.3 கோடிப் பேர் என்றது. வாக்கெடுப்பு முடிந்த கையோடு அதிபர் மாளிகைத் தோட்டத்தில் கொண்டாட்டம் நடந்தது. சட்டமாகவே ஆகாத ஒன்றுக்கு, செனட் இன்னும் தொடாத ஒன்றுக்கு, வரிசையில் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மறு ஆண்டு எதிராளிகளின் விளம்பரங்களுக்கு அந்தப் படங்களே போதுமானதாக இருந்தன.

மசோதாவைப் பிழைக்க வைத்த திருத்தத்தை எழுதியவர் நியூ ஜெர்சியின் டாம் மக்ஆர்தர். முன்பு காப்பீட்டுத் துறையில் உயர் பதவியில் இருந்தவர். நோய் உள்ளவர்களுக்கான பாதுகாப்பிலிருந்து மாநிலங்கள் விலக்குக் கேட்டு வாங்கலாம் என்பது அவர் திருத்தம். அதை நிறைவேற்றிய கையோடு, தன் தொகுதியில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அதிகம் இருக்கும் வில்லிங்பரோவில் டவுன் ஹால் கூட்டம் வைத்தார். வராமல் ஒளிந்துகொண்ட உறுப்பினர்கள் அப்போது நிறையப் பேர், இவர் வந்தார் என்பதற்காக இவருக்கு மரியாதை உண்டு. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் நின்று பதில் சொன்னார். ஒருவர் பின் ஒருவராக எழுந்து தங்களுக்கு இருக்கும் நோயைச் சொல்லி, வீட்டில் இருப்பவரின் நோயைச் சொல்லி, இனி எங்கள் பிரீமியம் என்ன ஆகும் என்று கேட்டார்கள். திருத்தத்தின் வாசகத்தை விளக்கிச் சமாளிக்கக்கூடிய கேள்வி இல்லை அது. 2018-இல் ஆன்டி கிம் என்ற புதியவரிடம் 4,000-க்கும் குறைவான வாக்கில் தோற்றார்.

மசோதா செனட்டில் என்ன ஆனது என்பது பலருக்கும் தெரியும். 2017 ஜூலை 28, நள்ளிரவு தாண்டிய நேரம். சில நாள் முன்புதான் மூளைப் புற்றுநோய் என்று தெரியவந்திருந்த ஜான் மெக்கெய்ன் அவை நடுவே வந்து நின்று கட்டைவிரலைக் கீழே காட்டினார். சூசன் காலின்ஸ், லிசா முர்கோவ்ஸ்கி இருவரும் ஏற்கெனவே எதிர்த்திருந்தார்கள். 49-51 என்று மசோதா விழுந்தது.

ஆக, பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் சட்டத்துக்கான பழியை முழுதாகச் சுமந்தார்கள், சட்டம் கிடைக்கவில்லை. மோசமான முடிவு என்று நான் சொல்வது இதைத்தான். கூடவே இன்னொன்றும் நடந்தது. ஏழு ஆண்டாகப் பாதிக்குப் பாதிதான் ஆதரவு என்று இழுத்துக்கொண்டிருந்த ஒபாமாகேர், பறிக்க வந்தபோதுதான் தெளிவாக ஆதரவு பெற ஆரம்பித்தது. 2018 நவம்பரில், டிரம்ப்புக்குப் பெருவாரியாக வாக்களித்த ஐடஹோ, யூட்டா, நெப்ராஸ்கா ஆகிய மூன்று மாநிலங்களிலும் மெடிக்கெய்டை விரிவாக்க வேண்டுமா என்று மக்களிடம் நேரடியாகக் கேட்டபோது, மூன்றிலும் வேண்டும் என்றார்கள்.

அந்தத் தோல்விக்குப் பிறகுதான் வரிச் சட்டம் வந்தது. எதையாவது நிறைவேற்றியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி. நியூயார்க்கின் கிறிஸ் காலின்ஸ் என்ற உறுப்பினர் நிருபர்களிடம் பச்சையாகவே சொன்னார்: இதை முடி, இல்லாவிட்டால் இனி எங்களைக் கூப்பிடாதே என்கிறார்கள் நன்கொடை தருபவர்கள் என்று. 2017 டிசம்பர் 22-இல் டிரம்ப் கையெழுத்திட்டார். நிறுவனங்களுக்கான வரி 35 சதவீதத்திலிருந்து 21-ஆக இறங்கியது, அது நிரந்தரம். தனிநபர்களுக்கான குறைப்பு 2025 முடிவுவரை மட்டும். மாநில, உள்ளூர் வரிகளுக்கான கழிவுக்கு 10,000 டாலர் உச்சவரம்பு வந்தது. வீட்டு வரி அதிகமுள்ள நியூ ஜெர்சி, நியூயார்க், கலிபோர்னியாப் புறநகர்களில் அது நேராக அடித்தது. சொந்தக் கட்சியில் எதிர்த்த 12 பேரில் 11 பேர் அந்த மூன்று மாநிலத்துக்காரர்கள். நியூ ஜெர்சியில் ஆதரித்த ஒரே குடியரசுக் கட்சி உறுப்பினர் அதே மக்ஆர்தர்.

வரி குறைந்தால் ஜனங்களுக்குப் பிடிக்கத்தானே வேண்டும்? பெரும்பாலானவர்களுக்கு வரி குறையவும் செய்தது. ஆனால் சம்பளத்தில் சில டாலர் கூடியதைப் பலர் கவனிக்கவே இல்லை. 2018 பிப்ரவரியில் சபாநாயகர் ரயன் ட்விட்டரில் ஒரு நற்செய்தி போட்டார்: ஒரு பள்ளியின் அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்மணிக்கு வாரத்துக்கு ஒன்றரை டாலர் கூடக் கிடைக்கிறதாம். மொத்த விற்பனைக் கடையின் ஓராண்டு உறுப்பினர் கட்டணத்துக்கு அது போதும் என்று அவர் சந்தோஷப்பட்டாராம். அந்தப் பக்கம் நிறுவனங்களுக்கு 14 சதவீதப் புள்ளி குறைப்பு, இந்தப் பக்கம் வாரம் ஒன்றரை டாலர். எதிர்ப்புக் கிளம்பியதும் பதிவை நீக்கினார்கள். செப்டம்பரில் கட்சியே எடுத்த ஒரு கருத்துக்கணிப்பு வெளியே கசிந்தது. சட்டம் பெரிய நிறுவனங்களுக்கும் பணக்காரர்களுக்கும்தான் என்றவர்கள் 61 சதவீதம், நடுத்தரக் குடும்பங்களுக்கு என்றவர்கள் 30. பிரச்சாரத்தில் தோற்றுவிட்டோம் என்று அந்த அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். கடைசி வாரங்களில் கட்சியின் மேடைகளில் வரிச் சட்டம் மறைந்து, குடியேறிகளைப் பற்றிய பயம் மட்டும் ஒலித்தது.

நவம்பர் 6-இல் ஜனநாயகக் கட்சிக்கு நிகரமாக 40 இடம் கூடியது. வாக்களிக்கத் தகுதி உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வாக்களித்தார்கள். இடைக்காலத் தேர்தலில் நூறாண்டில் காணாத வருகை அது. எது முக்கியப் பிரச்சினை என்று கேட்டதற்குப் பத்தில் நான்கு பேர் மருத்துவம் என்றார்கள். அதே நாளில் செனட்டில் குடியரசுக் கட்சிக்கு இரண்டு இடம் கூடியது என்பதையும் மறக்கக் கூடாது. அந்த ஆண்டு தேர்தலுக்கு வந்த செனட் இடங்களில் பல, டிரம்ப் ஜெயித்த மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி வைத்திருந்தவை. மக்கள் கோபம் ஒன்றாக இருந்தாலும், எந்தெந்த இடம் தேர்தலுக்கு வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் தண்டனை விழும்.

இனி கணக்கைப் பாருங்கள். 40 இடம் போனது. நிறுவனங்களுக்கான 21 சதவீத வரி விகிதம் போனதா? 2021, 2022-இல் அதிபர் மாளிகையையும் இரண்டு அவைகளையும் ஜனநாயகக் கட்சியே வைத்திருந்தது. அப்போதும் அந்த விகிதத்தை ஏற்ற முடியவில்லை. மிகப் பெரிய நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீதம் என்று ஒரு தனி விதிதான் வந்தது. 21 அப்படியே நிற்கிறது. ஒபாமாகேரும் நிற்கிறது. 2010-இலும் 2018-இலும் இரண்டு கட்சியும் தலா ஒரு முறை சபையைக் கொடுத்து ஒரு சட்டத்தை வாங்கியிருக்கின்றன. இடையில் வந்த ரத்து முயற்சிக்கு மட்டும் விலை கொடுத்தும் பொருள் கிடைக்கவில்லை.

இந்தப் பாடத்தைக் குடியரசுக் கட்சி படித்துவிட்டது என்பதற்கு 2025 ஜூலை 4-இல் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய சட்டமே சாட்சி. காலாவதியாக இருந்த வரிக் குறைப்புகளில் பெரும்பாலானவற்றை அது நிரந்தரமாக்கியது. மெடிக்கெய்டில் பெரிய வெட்டு. பத்தாண்டில் சுமார் ஒரு கோடிப் பேர் காப்பீடு இழப்பார்கள் என்று பட்ஜெட் அலுவலகம் கணித்தது. அதில் உள்ள தேதிகளைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஹோட்டல் ஊழியர்கள் வாங்கும் டிப்ஸுக்கான வரிச் சலுகை 2025 வருமானத்திலிருந்தே தொடங்குகிறது. அதாவது 2026 தொடக்கத்தில் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது பணம் கைக்கு வரும். மெடிக்கெய்ட் விரிவாக்கத்தில் சேர்ந்தவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகவோ, படித்ததாகவோ, சேவை செய்ததாகவோ காட்ட வேண்டும் என்ற நிபந்தனை 2027 ஜனவரிக்குள் கட்டாயமாகிறது. மாநிலங்கள் விரும்பினால் முன்பே தொடங்கலாம். தேர்தல் நாள் 2026 நவம்பர் 3.

2010-இல் பயம் முதலில் வந்தது, பலன் பிறகு வந்தது. இங்கே அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அந்த நிபந்தனை எப்படி வேலை செய்யும் என்பது தெரியாத விஷயம் அல்ல. 2018-இல் அர்கன்சாஸ் மாநிலம் இதையே செய்து பார்த்தது. வேலை நேரத்தை இணையத்தில்தான் பதிய வேண்டும் என்றார்கள். இரவு 9 மணி முதல் காலை 7 மணிவரை அந்தத் தளம் மூடியிருக்கும். பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வருபவர், வேலை செய்தேன் என்று எப்போது பதிவார்? சில மாதத்தில் சுமார் 18,000 பேர் காப்பீட்டை இழந்தார்கள். மறு ஆண்டு நீதிமன்றம் நிறுத்தியது. என் கோபம் இங்கேதான். பிடிக்காத சட்டத்தைக் கொண்டுவந்து, அதைச் சொல்லியே மக்களைச் சந்தித்து, தோற்பது நேர்மையான அரசியல். பெரியெல்லோ செய்தது அது, ஐந்து மணி நேரம் நின்ற மக்ஆர்தரும் ஓரளவு அதைச் செய்தார். சட்டத்தின் வலி தெரியும் முன்பே வாக்கை வாங்கிக்கொள்ளும்படி தேதி குறிப்பது வேறு. தீர்ப்புச் சொல்ல வேண்டியவரிடமிருந்து சாட்சியத்தை எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

ஒரு தேதி மட்டும் அவர்கள் கையில் இல்லை. ஒபாமாகேர் காப்பீடு வாங்குபவர்களுக்கு 2021-இல் ஜனநாயகக் கட்சி கூட்டிக் கொடுத்த மானியம் 2025 டிசம்பரோடு முடிவதாக இருந்தது. அதை நீட்டிக்க வேண்டும் என்ற சண்டையில்தான் 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசு அலுவலகங்கள் முடங்கின. மானியம் நீட்டிக்கப்படாமலே அந்த ஆண்டு முடிந்தது. எனவே உயர்ந்த பிரீமியம் தேர்தலுக்கு முன்பே வீட்டுக்கு வந்தது.

கட்சிக்குள் யாருக்குமே இது உறுத்தவில்லையா என்றால், ஒருவருக்கு உறுத்தியது, அவர் அதைச் சொன்னார். வடக்கு கரோலினா செனட்டர் தாம் டில்லிஸ். 2013-இல் அந்த மாநிலச் சட்டமன்றத்தின் சபாநாயகராக இருந்து மெடிக்கெய்ட் விரிவாக்கத்தைத் தடுத்தவர் அவர்தான். பத்தாண்டு கழித்து, 2023 டிசம்பரில், அந்த விரிவாக்கம் அங்கே நடைமுறைக்கு வந்தது. 2025 ஜூனில் இந்தப் பெரிய சட்டத்தின் மசோதாவை விவாதத்துக்கு எடுப்பதையே அவர் எதிர்த்தார். பிரைமரியில் ஆள் நிறுத்துவேன் என்ற தொனியில் டிரம்ப் மிரட்டினார். மறுநாள் ஜூன் 29-இல், இனிப் போட்டியிடப் போவதில்லை என்று டில்லிஸ் அறிவித்தார். அன்றே அவையில் எழுந்து, மெடிக்கெய்டைத் தொட மாட்டேன் என்று அதிபர் கொடுத்த வாக்குறுதியை நினைவூட்டி, இரண்டு மூன்று ஆண்டு கழித்து 6,63,000 பேர் காப்பீட்டை இழக்கும்போது நான் அவர்களுக்கு என்ன சொல்வேன் என்று கேட்டார். இருக்கும் காப்பீடு பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒபாமாகேர் காலத்தில் கொடுத்துக் காக்க முடியாமல் போன வாக்குறுதியால்தான் தான் ஒரு காலத்தில் ஜெயித்ததாகவும் சொன்னார். ஜூலை 1-இல் வாக்கெடுப்பு நடந்தது. டில்லிஸ், சூசன் காலின்ஸ், ராண்ட் பால் மூவரும் எதிர்க்க, 50-50 என்று நின்றது. துணை அதிபர் வான்ஸின் வாக்கோடு மசோதா நிறைவேறியது.